சீலைக் கம்பி பூட்டிய அமெரிக்க மோட்டார் சைக்கிள்

பொய் சொல்லாமல் எந்தப் பொருளையும் விற்க முடியாது என்று நம்புகிறவர்கள் ஜேர்மனியில் டோர்ட்மண்டுக்கு வந்து எங்கள் பிறேக் அண்ணையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இந்தப் பூமியில் இதுவரை பிறந்த வியாபாரிகளில், விற்கிற பொருளின் குறைகளை மட்டுமே சொல்லி, வாங்க வந்தவனை வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய், "கவனமாப் போங்கோ" என்று வழியனுப்பியவர் அவர் ஒருவர்தான். அதையும் அவர் கோபத்தோடு செய்யவில்லை. கடமையாகச் செய்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் இருக்கிற கட்டடத்தில் மூன்றாம் மாடியில் பல வருடமாக நானும் இருக்கிறேன். வாசல் மணியில் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். மனைவி ராணி அக்கா அவரை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவார். இங்கே மற்ற எல்லோருக்கும் அவர் பிறேக் அண்ணை. வாகனங்களுக்கு பிறேக் கட்டை செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தார். கட்டைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, குறை உள்ளதை ஒதுக்கிப் போட வேண்டும். வாழ்நாளில் பாதி அப்படியே போனது. பிறகு ஓய்வூதியம் வந்தது, ஆனால் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பெண்ணோடு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, இவர் மேடைக்குக் கீழே குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து வந்து பெண்ணின் தகப்பனிடம் சொன்னார்: "வலது பக்கக் கால் ஒண்டு சரியில்லை. மாப்பிள்ளையின்ரை பக்கத்துச் சனம் கொஞ்சம் பாரமானவை. ரெண்டு ரெண்டு பேரா ஏறச் சொல்லுங்கோ." மாப்பிள்ளை வீட்டார் அன்றோடு அவருடன் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இங்கே எங்கள் கோயிலில் தேர்த்திருவிழா என்றால் சனமெல்லாம் வடம் பிடிக்க முண்டியடிக்கும். இவர் மட்டும் சில்லுக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டை வைக்கிறவர்களோடு நிற்பார். "இழுக்கிறதுக்கு ஊரே நிக்குது. நிப்பாட்டத்தான் ஆளில்லை" என்பார். ராணி அக்காவின் புட்டை அவர் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "இண்டைக்குக் குறை ஒண்டும் இல்லை" என்று எழும்பினால் அதுதான் உச்சப் பாராட்டு. அப்படி ஒரு நாள் வாய்த்தால் அக்கா மாலைவரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஓர் அமெரிக்க மோட்டார் சைக்கிள் இருந்தது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஒரு காலத்தில் ஆசைப்பட்டுச் செய்து, அப்போது யாரும் வாங்காததால் மனம் வெறுத்து நிறுத்திவிட்ட ரகம் அது. அன்றைக்குச் சீந்துவாரில்லாமல் கிடந்ததை இன்றைக்கு உலகமெல்லாம் தேடித் திரிகிறார்கள். எஞ்சின் கறுப்பு, புகைக்குழாய் கறுப்பு, முன்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியும் கறுப்பு. மற்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள்களில் சாய்மனைக் கதிரையில் இருப்பதுபோல் சாய்ந்துகொண்டு போகலாம். இதில் குனிந்து, பெற்றோல் தாங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பறக்க வேண்டும்.

தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு ஜேர்மன்காரர் அதை எங்கோ இடித்து, மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குள் போட்டு வைத்திருந்தார். அண்ணை போய்ப் பார்த்தபோது எஞ்சின் ஓடுமா என்றுகூடக் கேட்கவில்லையாம். முன் சில்லின் இரண்டு பக்கமும் டிஸ்க் பிறேக் இருப்பதைக் கண்டதும் வாங்கிவிட்டார். பெண் பார்க்கப் போய்ச் செருப்பைப் பார்த்துச் சம்மதித்த கதைதான். அடுத்து வந்த குளிர்காலங்களை எல்லாம் கட்டடத்தின் நிலவறையில் அதனோடேயே கழித்தார்.

ஒருவழியாக அது ஓடத் தொடங்கியபோது ராணி அக்கா கீழே வந்து பார்த்தார். பந்தயத்துக்கென்று செய்த வண்டி, ஆகவே ஒரே ஒருவர் இருக்கத்தான் சீட்.

"இதை வாங்கேக்கை கலியாணம் கட்டின ஞாபகம் உங்களுக்கு இருந்ததோ?" என்று கேட்டார்.

அண்ணைக்கு அது தான் கவனிக்காமல் விட்ட குறையாகப் பட்டது. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. உடனே ஒற்றைச் சீட்டைக் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றி வைத்துவிட்டு, நீளமாக ஒரு சீட் செய்தார், பின்னால் கால் வைக்க மிதியும் பூட்டினார். தேருக்குப் பட்டுச் சேலை உடுத்துக்கொண்டு, ஊரில் இருப்பதுபோல் இரண்டு காலையும் ஒரு பக்கமாகப் போட்டு அக்கா ஏறினார். அடுத்த தெருவிலேயே பொலிஸ் மறித்தது. பக்கத்துக்கு ஒரு கால் போட்டால்தான் போகலாம் என்றார்கள். அடுத்த தடவை பட்டுச் சேலைக்கு உள்ளே மகளுடைய ஜீன்ஸ் போட்டுக்கொண்டு அக்கா இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினார். இப்போது சேலைத் தலைப்பு பின் சில்லை எட்டிப் பார்க்கத் தொடங்கியது.

ஊரில் இதற்குச் சீலைக் கம்பி இருக்கிறது. சேலை சில்லுக்குள் போகாமல் பின் சில்லுக்குப் பக்கத்தில் பூட்டுகிற கம்பிக் கூடு. யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்தால் நாங்கள் மிளகாய்த்தூளும் கருவாடும் கேட்போம். பிறேக் அண்ணை சீலைக் கம்பி கேட்டார். அது ஒரு மருமகனின் பெட்டியில், மிளகாய்த்தூள் பைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. அளவு சரியில்லாமல் அடித்து வளைத்து, இரண்டு பக்கமும் பூட்டினார். வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது அங்கே இருந்த அதிகாரி இது என்ன என்று கேட்டார். அண்ணை விளக்கினார். அதிகாரி குனிந்து அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அது ஆடவில்லை. உடனே வண்டிப் பத்திரத்தில் "உடைப் பாதுகாப்புக் கம்பி" என்று பதிந்து கொடுத்துவிட்டார். ஜேர்மன்காரனுக்கு எதுவுமே விசித்திரமில்லை, அது ஆடாமல் இருந்தால் போதும்.

அதன்பிறகு ஒவ்வொரு தேருக்கும் அவர்கள் அதிலேதான் போனார்கள். கொண்டைக்குள் பூ வைத்தால் ஹெல்மெற் நசித்துவிடும் என்று, பூவை ஒரு டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போய், கோயில் வாசலில் இறங்கித்தான் அக்கா வைத்துக்கொள்வார். வண்டி நின்றதும் இளம் பெடியள் சுற்றி நின்று கைபேசியில் படம் எடுப்பார்கள். அண்ணை அவர்களிடம் அதன் குறைகளை விளக்குவார்.

போன வருடம் ராணி அக்காவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். நடக்கலாம், கைத்தடியோடு படி ஏறலாம், ஆனால் காலைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் போடுகிற வேலை இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, அடுத்த நாள் என் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, மோட்டச்சைக்கிளை விக்கப்போறன். இன்ரநெற்றிலை போட ஒரு விளம்பரம் எழுதித் தாரும்."

நான் நகரசபையில் பழைய சாமான்களை ஏற்றிப்போகிற பிரிவில் கடிதம் எழுதுகிறவள். ஆகவே உதவாத பொருளைப் பற்றி ஜேர்மன் மொழியில் எழுத என்னை விட்டால் ஆளில்லை என்பது அவருடைய நம்பிக்கை.

"ஏன் அண்ணை விக்கிறியள்? நீங்கள் தனிய ஓடலாம்தானே?"

"பின்னாலை ஆள் இல்லாட்டி பாரம் சரியா விழாது" என்றார்.

அன்று மாலையே அக்கா என்னைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

"என்ரை இடுப்பாலை அந்த மனிசன் தன்ரை உயிரை விக்குது, பிள்ளை. அது போச்சுதெண்டால், பேந்து நான் இந்த இடுப்போடை வீட்டுக்குள்ளை எப்பிடி நிம்மதியா இருக்கிறது? ஒருத்தரும் வராத மாதிரி எழுதிவிடும்."

ஒரே விளம்பரம், புருஷனுக்காக விற்க வேண்டும், மனைவிக்காக விற்காமல் இருக்க வேண்டும். நகரசபையில்கூட எனக்கு இப்படி ஒரு வேலை தந்ததில்லை. ஆனால் நான் கஷ்டப்படவே தேவைப்படவில்லை. அண்ணை தானே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குளிரில் எஞ்சின் உடனே எழும்பாது. எண்ணெய் சொட்டும், சொட்டுகிற இடம் தெரியும், காரணம் தெரியாது. சத்தத்துக்கு அயலவர்கள் கோபிப்பார்கள். தூரம் போனால் முதுகும் நாரியும் நோகும். சீட் நான் செய்தது, உங்களுக்குப் பிடிக்காது. வாங்குவதற்கு முன் வீட்டில் கேட்கவும்.

அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். மறுநாள் காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. பழைய வண்டி சேர்க்கிற ஜேர்மன்காரர்கள் வாழ்நாள் முழுவதும் "புதுசு மாதிரி" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள். இப்படி ஒரு நேர்மையான மனிதனைக் கண்டதில்லை என்று சிலர் குரல் தழுதழுக்கச் சொன்னார்கள்.

முதலில் வந்தவன் கொலோனிலிருந்து ஓர் இளைஞன், கழுத்துவரை பச்சை குத்தியிருந்தான். சீலைக் கம்பியைக் கண்டதும் முழங்காலில் விழுந்தான்.

"இது கம்பெனியின் பந்தய அணிக்கு மட்டும் செய்த பாகம்தானே? இதை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை!"

வேறொருவர் என்றால் வாயை மூடிக்கொண்டு விலையைக் கூட்டியிருப்பார். பிறேக் அண்ணை தன் தொழிற்சாலை ஜேர்மன் மொழியில், அது தன் மனைவியின் உடுப்பு சில்லுக்குள் போகாமல் பூட்டியது என்றார். அவன் கண்ணடித்துச் சிரித்தான். இரகசியத்தை மறைக்கிறார் என்று நினைத்து விலையை ஏற்றினான். அண்ணை எண்ணெய்ச் சொட்டைக் காட்டினார், அவன் இன்னும் ஏற்றினான்.

"நான் குறை சொல்லச் சொல்ல இவன் விலையைக் கூட்டுறான், பிள்ளை. பெடியனுக்குச் சுகமில்லையோ?" என்று என்னிடம் கவலையோடு கேட்டார்.

கடைசியில் அக்காவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் நல்லதாக ஒரு சேலை உடுத்துக்கொண்டு கைத்தடியோடு வந்து, பின் சில்லுக்குப் பக்கத்தில் நின்று, தலைப்பைக் கம்பிமேல் போட்டுக் காட்டினார். அவன் சேலையைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், முகம் சுருங்கிப் போனது. அக்காவுக்கு அன்று நல்ல சந்தோஷம். அவனுக்கு ஒரு பை நிறைய பொரித்த றோல்ஸ் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டாவதாக வந்தவரை அப்படி அனுப்ப முடியவில்லை. வெள்ளைத் தாடி வைத்த முதியவர். ஒரு மண்டபம் நிறையப் பழைய மோட்டார் சைக்கிள்கள் வைத்திருக்கிறவர். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் வண்டியைத் தொட்டார். அண்ணை சொன்ன குறைகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அண்ணைக்கே தெரியாத இன்னும் சில குறைகளைத் தானே சொன்னார். பிறேக் அண்ணை ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். அந்த மரியாதையை அவர் முகத்தில் கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால்கூட நான் கண்டதில்லை.

கையுறைக்காரருக்கு ஒரே ஒரு நிபந்தனை. கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்தமாதிரி வேண்டும். நீளச் சீட் போய் ஒற்றைச் சீட் வர வேண்டும், சீலைக் கம்பியைக் கழற்ற வேண்டும். நல்ல விலை சொன்னார். அண்ணை வேட்டியை அவிழ்த்து ஒற்றைச் சீட்டைக் காட்டினார். கை கொடுத்தார்கள். வண்டியை ஏற்றிப்போக அடுத்த சனிக்கிழமைக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும், வைத்தாயிற்று.

அந்த வாரம் முழுக்க பிறேக் அண்ணை ஒரு குறையும் சொல்லவில்லை. பயந்துபோன அக்கா, சோதித்துப் பார்க்க உப்பே போடாமல் சொதி வைத்தாராம். அதையும் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழும்பிப் போனாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் அதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை கையுறைக்காரர் சொன்ன நேரத்துக்கு இழுவை வண்டியோடு முற்றத்தில் நின்றார். ஒற்றைச் சீட் பூட்டியாயிற்று. அண்ணை குந்தியிருந்து சீலைக் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓர் ஆணி மட்டும் வர மறுத்தது. அப்போது ராணி அக்கா ஒவ்வொரு படியாக இறங்கி வந்து வாசற்படியில் இருந்தார்.

"இஞ்சாருங்கோ, அதைக் கழட்டாதேங்கோ."

"கழட்டாட்டி அவர் கொண்டுபோகமாட்டார்."

"கொண்டுபோக வேண்டாம். நீங்கள் ஓடுங்கோ. நான் வீட்டிலை இருக்கிறன்."

"நீர் வீட்டிலை இருக்கவோ நான் இவ்வளவு காலமும் உதோடை மாரடிச்சனான்?"

"அப்ப என்ரை இடுப்பிலைதான் பிழை எண்டு சொல்லுங்கோவன்!"

"நான் அப்பிடிச் சொன்னனானோ?"

இரண்டு பேரும் கத்தியதில் அயல் ஜன்னல்கள் திறந்தன. கையுறைக்காரர் என்னிடம் என்ன பிரச்சினை என்று கேட்டார். மனைவி இல்லாமல் இவர் ஓட மாட்டார், மனைவிக்குக் காலைத் தூக்கி ஏற முடியாது, அதனால்தான் விற்கிறார் என்று சொன்னேன். அவர் மணி கேட்டவனுக்கு மணி சொல்வதுபோல ஒரு சொல் சொன்னார்:

"பைவாகன்."

பக்கத்தில் பூட்டுகிற பெட்டி வண்டி. நாங்கள் சைட்கார் என்போம். சொன்ன உடனேயே அவர் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டார். இப்படி ஒரு பந்தய வண்டியில் சைட்கார் பூட்டுவது என்றால் அவருடைய உலகத்தில் கோயில் விக்கிரகத்துக்குக் காற்சட்டை போடுவது மாதிரி. ஆனால் வாயை விட்டு வந்துவிட்டது.

"ஏலாது" என்றார் அண்ணை உடனே. "வளையேக்கை இழுக்கும். பிறேக் பிடிச்சால் ஒரு பக்கம் போகும். பெற்றோலும் குடிக்கும்."

நான் மொழிபெயர்த்தேன். கையுறைக்காரர் அத்தோடு பேசாமல் இருந்திருந்தால் வண்டி அவருடையது. ஆனால் அவரும் குறை காண்கிற சாதி அல்லவா, தெரிந்த ஒரு குறையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெறும் பெட்டியோடு ஓடவே கூடாது, வலது பக்கம் திரும்பும்போது பெட்டி மேலே எழும்பிவிடும், உள்ளே எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்றார்.

அண்ணையின் கையில் ஆணி திருகுகிற சாவி அப்படியே நின்றது.

"ஆள் இல்லாட்டி ஓட ஏலாதாமோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் அண்ணை. ஆள் இருக்கத்தான் வேணுமாம்."

"அப்ப அது நல்ல சாமான்" என்றார்.

'நல்ல' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். அக்காவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. "அதுக்குள்ளை காலை நீட்டி இருக்கலாமோ எண்டு கேளும், பிள்ளை" என்றார். கதவு வைத்த பெட்டிகூட இருக்கிறது, நடந்துபோய் உள்ளே இருக்கலாம் என்று கையுறைக்காரர் சோகமாகச் சொன்னார். "இவ்வளவு காலமும் இதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று அக்கா எங்கள் எல்லோரையும் பார்த்துக் கோபித்தார்.

கையுறைக்காரர் தன் வெறும் இழுவை வண்டியின் விளிம்பில் போய் இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்கா தேத்தண்ணியும் றோல்ஸும் கொண்டுவரச் செய்தார். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் எழும்பி வந்து, இந்தப் பாவத்தைச் செய்யத்தான் வேண்டும் என்றால் என் மண்டபத்தில் என் கண் முன்னால் செய்யுங்கள் என்றார். ஒரு துளைகூடப் போடக் கூடாது, கவ்வுகிற பூட்டுகளால் மட்டும் இணைக்க வேண்டும். பின்னால் புத்தி உள்ள ஒருவன் கையில் கிடைத்தால் அவன் கழற்றிவிடலாம் அல்லவா!

அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் அந்த மண்டபத்தில் ஒருவர் வேலையில் ஒருவர் குறை கண்டுபிடித்துக்கொண்டு இருந்தார்கள். அண்ணை மாலையில் வீட்டுக்கு வந்து, புட்டில் தேங்காய்ப்பூ ஒரு பக்கம் குறைவு என்று சொல்லத் தொடங்கினார். அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்து அந்தச் செய்தியை மகிழ்ச்சியோடு சொன்னார்.

வாகனப் பரிசோதனையும் முடிந்து, கோடை வந்து, தேர் நாளும் வந்தது. காலையில் முற்றத்தில் எஞ்சின் சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். தெருவை ஒருமுறை சுற்றிவிட்டு வந்து நின்றிருந்தார்கள். கறுப்பு வண்டியின் வலது பக்கத்தில் கறுப்புப் பெட்டி, அதற்குள் சிவப்புப் பட்டோடு ராணி அக்கா, காலை நீட்டிக்கொண்டு. ஜீன்ஸ் கிடையாது, சீலைக் கம்பி மட்டும் கழற்றாமல் அப்படியே இருந்தது. கையுறைக்காரர் பழைய ஹெல்மெற் ஒன்று கொடுத்திருந்தார். அதன் உள்ளே இடம் தாராளம், ஆகவே பூவை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணை இறங்கி முன் சில்லைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய், "எப்பிடி அண்ணை ஓடுது?" என்று கேட்டேன்.

"வேகம் எடுக்கேக்கை வலது பக்கம் இழுக்குது. பிறேக் பிடிச்சால் இடது பக்கம் போகுது. பெற்றோல் தண்ணி மாதிரிக் குடிக்குது."

"வேறை?"

அக்கா இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெரிய குறை ஒண்டு இருக்கு, பிள்ளை. முந்தி அவ பின்னாலை இருக்கேக்கை எனக்கு முகம் தெரியாது. இப்ப பக்கத்திலை இருந்து சிரிச்சுக்கொண்டு வாறா. ரோட்டைப் பாக்க ஏலாமல் கிடக்கு."

"அதைத் திருத்த ஏலாதோ?"

"ஏலாது" என்று சொல்லிவிட்டு ஹெல்மெற்றை மாட்டினார்.

அவர்கள் கோயிலுக்குப் புறப்பட்டுப் போனார்கள். எனக்குச் சமைக்க இருந்தது, துணி மடிக்க இருந்தது. ரோட்டைப் பார்க்க முடியாமல் ஓடுகிறவரை நினைத்து, மாலையில் அந்தச் சத்தம் திரும்பவும் முற்றத்துக்குள் வந்து நிற்கும்வரை நான் இரண்டையும் தொடவில்லை.